விதையில்லாப் பப்பாசி

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகாத பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பொட்டலம் கையில் அகப்பட்டாலும் திருப்பிப் பின்பக்கத்தை வாசிப்பேன். திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கும் உணவுச் சரக்குகளின் பத்திரங்களைப் பார்த்து விடுவிப்பதுதான் என் உத்தியோகம். சோளம், சோயா, பருப்பு. மரபணு மாற்றிய பொருளென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும், லேபலில் எழுதியிருக்க வேண்டும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் வேறொரு மேசையின் வேலை. அந்த மேசை எங்கே இருந்தது என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் சம்பூரிலிருந்து தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, என்ர பப்பாசி மரபணு மாத்தினதாம். நானா எடுக்கமாட்டாராம். நீங்கள் ஒருக்கா வந்து விளங்கப்படுத்துங்கோ. பழுத்துக்கொண்டு வருது."

நானா என்பது மூதூர்ப் பழ வியாபாரி. முஸ்லிம் வியாபாரிகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். தங்கச்சியின் பழம் முழுவதையும் கலியாண வீடுகளுக்கென்று எடுப்பவர் அவர் ஒருவரே. இடம்பெயர்ந்து திரும்பி வந்த காணியில் கச்சான்கடலையும் கத்தரியும் கைவிட்ட பிறகு, அவள் நம்பி நின்றது இந்தப் பப்பாசியை. பப்பாசியோ, கடிதம் போட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிற பண்டம் அல்ல.

சம்பூர், கடற்குடாவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற ஊர்தான். பஸ்ஸிலோ கிண்ணியா, மூதூர் என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். சொல்ல வேண்டியதை வழிநெடுகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது நானாவின் சின்ன லொறி வேலியோரம் வெறுமையாக நின்றது. அவர் ஒரு பழத்தைப் பிளந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். சிவந்த சதை. ஒரு விதைகூட இல்லை.

"பாருங்க ஐயா. கலியாண வீட்டில இதை வெட்டின ஒருத்தன், இது மரபணு மாத்தினது, திண்டா பிள்ளை பிறக்காது எண்டுட்டான். மாப்பிள்ளைட உம்மா என்னை ஏசின ஏச்சு இருக்கே!"

நான் தொடங்கினேன். விதையில்லாமை வேறு, மரபணு மாற்றம் வேறு. பூச்சியைத் தாங்கும்படி மாற்றிய சோளத்துக்கு மருந்து குறைவாக அடித்தால் போதும். களைகொல்லியைத் தாங்கும்படி மாற்றிய சோயா வந்த இடங்களில் களைகொல்லியை அள்ளி ஊற்றினார்கள். இரண்டும் ஒரே வித்தைதான். அனுமதி பெற்றவற்றைச் சாப்பிட்டவர்களுக்குக் கேடு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை. 'இதுவரை' என்பதைக் கவனிக்க வேண்டும்.

நானா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நல்லதா, கெட்டதா ஐயா?"

"ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேணும்."

"கலியாண வீட்டில நிண்டு இதைச் சொல்ல ஏலுமா?"

அப்போதுதான் அந்தப் பழத்தின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகளைக் கண்டேன். தலையை உயர்த்தினால் மரத்தின் குருத்திலைகள் மஞ்சள் படர்ந்து சுருங்கியிருந்தன. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இதோ அத்தாட்சி! இது ஒரு வைரசு. வெளிநாட்டில் இந்த வைரசைத் தாங்கத்தான் பப்பாசியின் மரபணுவை மாற்றினார்கள். இது அந்தப் பப்பாசியாக இருந்தால் இந்த நோய் வந்தே இராது!"

நானா பழத்தைக் கீழே வைத்தார். "அப்ப இதுக்கு நோய் வருத்தமும் இருக்கா?"

"இந்த வைரசு மனிசருக்கு ஒன்றும் செய்யாது..."

"அண்ணை," என்றாள் தங்கச்சி, "நீங்கள் போய்க் கொஞ்சம் கதிரையில இருங்கோ."

இருக்க முடியவில்லை. தோட்டத்துக்குள் நடந்தேன், இருவரும் பின்னால் வந்தார்கள். எல்லாம் காய்த்த மரங்கள். நின்று கேட்டேன்: "ஆண் மரமெல்லாம் எங்கே?"

"வெட்டிப்போட்டன். காய்க்கிறதும் இல்லை, தண்ணியைக் குடிச்சுக்கொண்டு பூ மட்டும் பூத்துக்கொண்டு நிக்குது. வீட்டில புருசன் எண்டு ஒண்டை வைச்சுப் பாத்தது காணாதே?"

"ஆண் பூவின் மகரந்தம் வராவிட்டால் விதை எப்படி வரும்?" என்றேன். "இந்தச் சாதி அதில்லாமலும் காய்க்கும், வெறும் பழமாக."

என் நீண்ட விளக்கம் சாதிக்காததை அந்த ஒரு கேள்வி சாதித்தது. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆம்பிளையே இல்லாத தோட்டம்! இதுக்குப்போய் மரபணுவாம்!" பிறகு கண்ணைத் துடைத்தார். "எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனா கலியாண வீட்டில இந்தக் கதையைச் சொன்னா இன்னும் மோசம். பழ யூஸ் கடைக்கு எடுக்கிறன். விலை குறைச்சுத்தான் வரும். அரைச்சாப் பிறகு விதையை ஆர் தேடுற?"

லொறி நிறைந்து புறப்பட்டுப் போய்விட்டது. தங்கச்சிக்குப் பாதி நிம்மதி. எனக்கு நானாவின் அந்தக் கடைசி வார்த்தை உள்ளே குத்திக்கொண்டிருந்தது. கப்பலில் வந்த சோளம் கோழித்தீவனமாகும். அந்தக் கோழி கறியாகும். கறிக்குப் பின்பக்கமும் இல்லை, லேபலும் இல்லை. நான் விடுவித்ததெல்லாம் அப்படி அரைபட்டுத்தான் போயிருக்கும்.

"அண்ணை, அந்த வருத்தம் வராத பப்பாசிக் கண்டை இஞ்ச எடுக்க ஏலாதே?" என்று தங்கச்சி கேட்டாள்.

விண்ணப்பம், ஆய்வு, குழு, பரீட்சார்த்தப் பயிர்ச்செய்கை என்று வரிசையாகச் சொன்னேன்.

"அதுக்குள்ள இதெல்லாம் செத்துப்போம். அந்தப் பழத்தைத் திண்டா ஏதும் செய்யுமோ?"

"வெளிநாட்டில் சனம் கனகாலமாகச் சாப்பிடுகிறது. ஆனால் அதன் மகரந்தம் பக்கத்துக் காணிக்கும் போகும். அவர்களைக் கேட்காமல்."

"வைரசு மட்டும் என்னைக் கேட்டுட்டோ வந்தது?"

நோய் பிடித்த மரங்களைப் பிடுங்கி எரித்தால்தான் மற்றவை தப்பும் என்று மட்டும் சொன்னேன். அவள் மண்வெட்டியை எடுத்து வந்தாள்.

"எதை முதல்ல?"

காட்டினேன். தோட்டத்திலேயே அதிகம் காய்த்திருந்த மரம். அவள் அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நானா அடுத்த கிழமையும் வருவார். இது அதுவரைக்கும் நிக்கட்டும்."

"பரவும்."

"தெரியும்," என்றவள் மண்வெட்டியை மரத்திலேயே சாத்திவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போயிற்று. பஸ் வரும்வரை நான் மரத்துக்கு மரம் போய், எட்டிய இலைகளையெல்லாம் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.