திரு இருதயப் படத்தடியில் ஒரு கல்

ஞாயிறு மதியம் சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் மீன்குழம்பு வாசமும் மெழுகுவத்திப் புகையும் கலந்து மூக்கில் ஏறும். அந்த வாசம் இன்று எங்கே வந்தாலும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கல்தான்.

எழுபதுகளின் கடைசியில், உயிரியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன், என்றோ வாழ்ந்த சிப்பியின் தடம் பதிந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தான். எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து சிலர் புனித பூமிக்குப் போய்த் திரும்பியிருந்த வாரம் அது. அவர்கள் கொடுத்தனுப்பிய கல் என்று எண்ணிய அம்மா, அதை இயேசுவின் திரு இருதயப் படத்தடியில் வைத்து மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார். பூசை முடிந்து வந்த அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம், சிரித்துவிட்டான். மனிதனே இப்படிப்பட்ட உயிர்களிலிருந்து மெல்ல மெல்ல வந்தவன்தான் என்றும் சொல்லிவைத்தான்.

தமிழ்ப் பூசை வாசகங்களுக்கு அப்பாதான் பொறுப்பு. அந்த ஈஸ்டருக்கு பைபிளின் உலகப் படைப்பு வாசகத்தை அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். அவனும் அதை ஆசையாக மனப்பாடமே செய்திருந்தான்.

"சிப்பி இங்க இருக்கு, மனுஷன் இங்க இருக்கான். நடுவுல இருந்ததெல்லாம் எங்கடா?" என்றார் அப்பா.

"செத்ததெல்லாம் கல்லா ஆயிடாதுப்பா. கிடைச்சவரைக்கும் வரிசையாத்தான் கிடைச்சிருக்கு. தடம் இல்லேன்னா வாழவே இல்லைன்னு ஆயிடுமா?"

"இந்த வாயால நீ படைப்பை வாசிக்க வேணாம்."

இதில் திருச்சபைக்குத் தடையொன்றும் இல்லை என்று பங்குத் தந்தையே சொல்லிப் பார்த்தார். அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். அண்ணனும் அவர் பிள்ளைதானே. ஈஸ்டருக்கு அப்பாவே வாசித்தார். அண்ணன் வேலை கிடைத்ததும் கேலாங்கில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் அப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போகும். தன் தட்டில் விழுந்த பெரிய மீன்துண்டை அப்படியே ஒதுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அம்மா அதை டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு கேலாங்குக்குப் பஸ் ஏறுவார். எங்கே போகிறாய் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அது யார் பங்கு மீன் என்று அம்மாவும் அண்ணனிடம் சொன்னதில்லை.

நாங்கள் இருந்த அடுக்குமாடி புளோக்கை இடித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை. கல் மட்டும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எங்கள் ஆல்பத்தில் அண்ணன் பள்ளிச் சீருடையில் நிற்கிறான். பக்கத்தைப் புரட்டினால் நரைத்த தலையோடு அப்பாவின் சவப்பெட்டி அருகே நிற்கிறான். "நடுவுல மாமா எங்கம்மா?" என்று மகள் கேட்டாள். அந்த மீன்துண்டைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்கு போட்டோ இருக்கா?" என்றாள்.

இல்லை என்றேன். அலமாரியிலிருந்த கல்லை எடுத்து அவள் கையில் வைத்தேன்.