என்னுதில்லைங்க

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெருமாள் கோயிலுக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எட்டெழுத்து மந்திரத்துக்கு அர்த்தம் சொன்னார். அவர் வராமலே இருந்திருக்கலாம்.

அப்பா "ஓம் நமோ நாராயணாய" என்று எடுத்தால் லிந்துலை டவுனுக்கே கேட்கும். பஜனையில் அவர் குரல்தான் பெரிது. அர்த்தம் தெரியாது, அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. வந்தவர் சொல் சொல்லாகப் பிரித்தார். "நடுவுல வர்ற 'நம' என்ன சொல்லுது? எதுவும் எனதில்லை. இந்த உடம்பும் எனதில்லை. எல்லாம் நாராயணனுக்கே." அப்பா கண்கலங்கிப் போனார். முன்வரிசையில் இருந்த, மலையில் எங்களை மேய்க்கிற உத்தியோகத்தரான கண்டாக்கும் பக்தியாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்கு ஓர் உறுதிப் பத்திரம் இல்லாத சனம் நாங்கள். எதுவும் உங்களதில்லை என்று எங்களிடம் சொல்லவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார்? அதைத்தான் தோட்டத்து ஆபீஸில் தினமும் சொல்கிறார்களே!

லயத்துக்குப் பின்னால் அப்பாவுக்கு ஒரு மரக்கறிப் பாத்தி இருந்தது. வேலையிலிருந்து நின்றபின் அவரை நடமாட வைத்ததே அதுதான். விடிந்தால் லீக்ஸ், பொழுதுபட்டால் கோவா. அடுத்த கிழமை, தேயிலை நட இடம் பார்க்க அதே கண்டாக்கு அங்கே வந்தார். பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்து, "இது என்னுதுங்க, கல்லுப் பொறுக்கி நான் உண்டாக்குனதுங்க" என்று கத்தினாள். அவள் பாத்தி தப்பியது.

பிறகு கண்டாக்கு அப்பாவிடம் கேட்டார். "இது யாருது?"

"என்னுதுன்னு எப்படிங்க சொல்றது? எல்லாம் நாராயணனோடதுங்க."

"அப்ப நான் அவருகிட்டயே பேசிக்கிறேன்" என்று சிரித்துவிட்டு, கண்டாக்கு அங்கேயே முளைக்கம்பு அடிக்கச் சொன்னார்.

ஹட்டனில் கடை வேலை முடித்து வீட்டுக்கு வந்த நான் கம்பைப் பார்த்ததும் கொதித்துப் போனேன்.

"ஏம்ப்பா, என்னுதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"கோயில்ல ஒண்ணச் சொல்லிட்டு வெளிய வேற சொல்ல நாக்கு வரல புள்ள."

"அந்தக் கண்டாக்கும் அதே கோயில்லதானே ஒக்காந்திருந்தாரு? அவருக்கு மட்டும் கம்பு அடிக்கச் சொல்ல எப்படி நாக்கு வருது?"

அப்பா முற்றாத லீக்ஸைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி அயல் வீடுகளுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் காலையில் எழும்பி எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

மறு சனிக்கிழமை பஜனையில் கண்டாக்கு முன்வரிசையில்தான் இருந்தார். கூட்டம் மந்திரத்தை எடுத்தது. 'ஓம்' சொன்னேன். நடுச்சொல் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். 'நாராயணாய'வில்தான் மறுபடி சேர்ந்தேன்.

அப்பா என் பக்கத்தில் நின்றார். அந்த நடுச்சொல்லில் அவர் குரலும் கேட்கவில்லை.