மேனாம்பேட்டில் வெந்த டிரிஷீன்

என் மனைவியின் தம்பி அயர்லாந்தில், கார்க் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். முதல் விடுமுறைக்கு வந்தபோது எல்லோரையும்போல சாக்லேட் கொண்டுவரவில்லை. பண்பாடு கொண்டுவந்தான்.

வந்த மறுநாளே உருளைக்கிழங்கைத் துருவி மாவில் கலந்து எங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் ஊற்றினான். பெயர் பாக்ஸ்டியாம். அதற்கடுத்த நாள் மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸைப் போட்டுக் கிளறி, கோல்கேனன் என்றான். பத்தியச் சாப்பாட்டுக்குக்கூட இதைவிட ருசி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டேன்.

"சிம்பிள் டேஸ்ட் மாமா. நம்ம நாக்குதான் மசாலாவுல கெட்டுப்போச்சு" என்று ஆறுதல் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த அறிவிப்பு வந்தது. "நாளைக்கு டிரிஷீன். கார்க்கோட பாரம்பரியச் சாப்பாடு. அயர்லாந்துலயே மத்த ஊர்க்காரங்க நிறைய பேருக்குத் தெரியாது."

"எதுல பண்றது?" என்றாள் என் மனைவி.

கொஞ்சம் இழுத்தான். "ஆட்டு ரத்தம்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மேனாம்பேட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கூடவே ரத்தமும் வாங்கி, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். என் மாமனார் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தியவர். அவர் கணக்கில் ரத்தம் என்பது உத்தியோகஸ்தர்கள் வீட்டு உணவு அல்ல. அவர் வரும் ஞாயிறுகளில் நான் என் பொரியலைப் பின்கட்டில் நின்றபடி சாப்பிடுவேன். இதே மச்சான்தான் அப்போது மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு, "எப்படி மாமா இதையெல்லாம்?" என்பான். கடல் தாண்டியதும் அது பாரம்பரியமாகிவிட்டது.

மறுநாள் காலை கறிக்கடைக்குப் போனோம். டிரிஷீனுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வேண்டுமாம். மச்சான் தூக்குச்சட்டியில் உப்பைப் போட்டுக்கொண்டு, கரண்டியும் கையுமாக நின்றான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, எல்லாரும் கட்டியாத்தான் வாங்கிகினு போவாங்கோ. இவரு இன்னாத்துக்கு தண்ணியா கேக்குறாரு?"

"அயர்லாந்துல இப்படித்தான் பண்ணுவாங்களாம்."

"அங்கயும் இத்தத்தான் துன்றாங்களா? அப்போ நம்ம ஜனங்கதான்னு சொல்லு!"

மச்சானுக்கு அந்த உறவுமுறை பிடிக்கவில்லை. ரத்தத்தைக் கிளறுவதிலேயே குறியாக இருந்தான்.

முறைப்படி ரத்தத்தை ஆட்டுக்குடலில் நிரப்பி வேகவைக்க வேண்டும். கடைப் பலகையில் கிடந்த குடலைப் பார்த்ததும் அவனுடைய பண்பாட்டுப் பற்று கொஞ்சம் தளர்ந்தது. "டப்பாவுல ஊத்தியும் வேக வைக்கலாம் மாமா" என்றான். வீட்டுக்கு வந்து ரத்தத்தை வடிகட்டி, பாலும் ரொட்டித்தூளும் மிளகும் கலந்தான். டான்சி என்று ஏதோ ஒரு தழை வேண்டும் என்றதற்கு, என் மனைவி தொட்டியிலிருந்து கற்பூரவல்லியைக் கிள்ளிக் கொடுத்தாள். டிபன் டப்பா இட்லிப் பானைக்குள் இறங்கியது. கசிந்து, பிரிந்து, நாறி, எப்படியும் சொதப்பும் என்று நான் நம்பிக்கையோடு காத்திருந்தேன்.

சொதப்பவில்லை. காப்பி நிறத்தில் தளதளவென்று இறுகி நின்றது. துண்டு போட்டு, வெண்ணெயில் புரட்டி, மிளகுப் பாலை மேலே ஊற்றினான்.

அந்த நேரம் சேக்காட்டு வீட்டிலிருந்து மாமனார் வந்து சேர்ந்தார். போன வாரம்தான் பல்லெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காமல் முகம் ஒடுங்கியிருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னடா இது? அல்வா மாதிரி வழுக்கிட்டுப் போகுது!"

"ஐரிஷ் புட்டிங்ப்பா" என்றான் மகன், தட்டைப் பார்த்தபடி.

இன்னொரு துண்டு கேட்டார். அப்புறம் இன்னொன்று. "பாத்தீங்களா மாப்பிள்ளை, வெள்ளைக்காரன் எதைச் செஞ்சாலும் ஒரு நாசூக்கு இருக்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாக்கு நுனி வரை வந்த பதிலை நான் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "அப்பா, அது ஆட்டு ரத்தம். இவர் எப்பவும் வாங்குற கடையிலதான் காலைல வாங்கினாங்க."

கரண்டி அப்படியே நின்றது. மச்சான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சொம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். மாமனார் தட்டையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க ஆபீசர்லாம் சாப்பிடுறாங்களா?"

"ஓட்டல்லயே குடுக்குறாங்கப்பா."

"அப்போ இது வேற" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீதியையும் முடித்தார்.

விடுவேனா? மிச்ச ரத்தத்தில் என் மனைவி செய்து வைத்திருந்த பொரியலை அவர் பக்கம் நகர்த்தினேன். "மாமா, இதுலயும் ஒரு வாய்..."

"அது உங்களுக்கு, மாப்பிள்ளை" என்றார் மரியாதையாக.

இன்னும் குத்தலாக ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கஞ்சி அல்லாத ஒன்றை ஒரு வாரம் கழித்து வயிறாரச் சாப்பிட்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பொரியலைப் பின்கட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சோற்றில் பிசைந்தேன். அவர் எழுந்து போகவில்லை. டிரிஷீனிலும் ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மச்சானிடம் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னேன்.

அவன் கார்க்குக்குத் திரும்பிவிட்டான். மாமனாருக்குப் பல்செட்டும் கட்டியாகிவிட்டது. இருந்தும் சில சனிக்கிழமைகளில் மகளுக்குப் போன் செய்து, "நாளைக்கு அந்த அயர்லாந்து ஐட்டம் உண்டா?" என்று கேட்கிறார்.