மாடி மூலை அறை

திருடப் போனாளாம். யார் சொன்னது? தையல்கடைக்காரி சொன்னாளாம், அவளுக்கு வேறு யாரோ சொன்னார்களாம். என் சித்தி மகள் அடுத்தவர் வீட்டு ஊசியைக்கூடத் தொடமாட்டாள். தங்க வந்தவருடைய அறைக்குள் அவள் போனது உண்மை. கட்டிலில் படுத்ததும் உண்மை. ஆனால் அது யார் கட்டில்? அதைக் கேட்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பழைய பங்களாவுக்கு மருமகளாகப் போனவள் அவள். மாடியில் மூலை அறை அவளுடையது. பிள்ளை பிறந்தது அந்தக் கட்டிலில்தான், புருஷன் கண்ணை மூடியதும் அதில்தான். கூரை ஒழுக ஆரம்பித்ததும் மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். பட்டணத்துக்காரர்கள் வந்து தங்கட்டும், காலையில் ரொட்டியும் முட்டையும் கொடுத்தால் போதும், பழைய வீடு என்றால் ஆசைப்பட்டு வருவார்கள் என்றான். வந்தார்கள். விரிசல் விட்ட சுவரையும் விடாமல் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் என்ன அழகைக் கண்டார்களோ.

வந்தவர்கள் எல்லோருக்கும் மூலை அறைதான் வேண்டும். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். ஒரு ராத்திரிதானே அம்மா என்பான் மகன். இவளும் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே வருவாள், ஆள் போனதும் மேலே போவாள். கூட்டம் அதிகமானால் சமையலறைக்குப் பின்னால் சாமான் அறை. விடிந்து எழுந்தால் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை அக்கா, சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் துணி காயப்போட்ட அசதி. கால் தானாக மாடி ஏறிவிட்டது. படுத்தாள், தூங்கிப்போனாள். ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கதவைத் திறந்தால், அவர் கட்டிலில் கிழவி ஒருத்தி குறட்டை விடுகிறாள். மனிதர் பாவம், சத்தம் போடாமல் மகனைக் கூப்பிட்டார். இவனுக்கு மானம் போய்விட்டது. என் அம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவன் சொன்னது இது:

"மன்னிச்சுக்குங்க சார், இவங்களும் இங்க தங்க வந்தவங்கதான். அறை மாறி வந்துட்டாங்க."

இவள் அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காதில் விழுந்துவிட்டது.

சாயங்காலம் மகனிடம் போய், "அப்ப நான் எப்பப்பா கிளம்பணும்?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தானாம். இப்போது அவள் வீட்டை விட்டுப் போன பிறகு, வாய் தவறி வந்துவிட்டது பெரியம்மா என்று என்னிடம் வந்து அழுகிறான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. அவன்தான் துரத்தினான் என்று சொல்கிறவர்களும் கொஞ்சம் வாயை மூடுங்கள். பின்னே யார்மேல் தப்பு என்றால், எனக்கும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் விருந்தாளிகள் மேசையில், வாத்தியாருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அந்த மேசையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நீங்கள் எந்த ஊர் என்று அவர் மரியாதையாகக் கேட்டார். பக்கத்தில்தான் என்றாள் இவள். சாப்பிட்ட தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் பையை எடுத்தாள். கடைக்குப் போகிறாள் என்று நினைத்து மருமகள் உள்ளேயிருந்து சொன்னாள்:

"வர்றப்ப ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வாங்க அத்தை."

"சரிம்மா" என்றாள் இவள். வாத்தியார்தான் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.