மாமாவின் கையும் துரையின் எலியும்

எங்கள் வீட்டில் ஒரு மலைப்பாம்பு மூன்று மாதத்துக்கு மேல் குடியிருந்தது. இதைச் சொன்னால் இப்போது அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. விவேக் நகரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ஹாலும் ஒரு அறையும் மட்டுமே இருந்த வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான், மாமா, மாமாவின் பாம்பு. வியாழக்கிழமை நவநாள் செபத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் வாசலில் நின்றுதான் மெழுகுவர்த்தியைப் பிரிப்பார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் மெழுகுவர்த்தியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஒரு கூட்டாளியோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அந்த வருடம் புத்தாண்டுப் பூசை முடிந்த வாரத்தில் தோளில் ஒரு பையும், கையில் மூடியில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். கம்பெனியில் நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குப் பத்து வயது. லீவு என்றால் சந்தோஷப்பட வேண்டும் என்பது மட்டும் தெரியும், சந்தோஷப்பட்டேன்.

பெட்டிக்குள் இருந்தது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு. பெயருக்குத்தான் மலை. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு ஃபிளாட்காரர் மாமாவின் தலையில் கட்டிவிட்டுப் போனது. பெயர் துரை.

"நாள் பூரா படுத்துக்கினே இருக்காரு, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ சாப்பாடு எங்கன்னு கேக்குறாரு. வேற என்னா பேரு வைக்கிறது?" என்பார் மாமா.

அம்மா வாசலிலேயே நின்று சட்டம் பேசினாள். பாப்பா, அதாவது நான், அதைத் தொடக் கூடாது. வீட்டில் நாற்றம் வரக் கூடாது. "நாத்தம் வந்துச்சு, அன்னிக்கே அது கெளம்பிடணும். அப்புறம் அக்கா சொல்லலன்னு சொல்லாத." மாமா பெட்டியைக் கீழே வைக்காமலே தலையாட்டினார். துரை கிளம்பினால் மாமாவும் கூடவே கிளம்பிவிடுவார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். மாமா இல்லாத வீட்டை அதற்குள் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் துரை ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகச் செரிப்பது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பாம்புக்கு எலி வாங்குவது கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இல்லை. எலி சின்னதாக இருந்தால் வயிறு நிறையாது. பெரிதாக இருந்தால் விழுங்கிவிட்டு நாலைந்து நாளில் கக்கிவிடும், கக்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பொறியில் விழுந்த எலி ஆகாது, எந்த வீட்டில் என்ன மருந்தைத் தின்றதோ. உயிரோடும் போடக் கூடாது, எலி திருப்பிக் கடித்துவிடும். சிவாஜி நகரில் ஒரு பறவைக் கடை பாய் வெள்ளை எலி வளர்த்து விற்றார், அங்கேயே கொன்று காகித டப்பாவில் போட்டுத் தருவார். மாமாவின் சட்டம் ஒன்றுதான்: பாம்பின் உடம்பில் எந்த இடம் அதிகப் பருமனோ, எலி அதைவிடப் பருமனாக இருக்கக் கூடாது.

ஆனால் கடைக்குப் பாம்பையா தூக்கிக்கொண்டு போக முடியும்? அதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். அம்மாவின் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துண்டு வெட்டி, தன் இடது கையில் வாட்சுக்கு நாலு விரல் மேலே சுற்றி, சரியாகச் சேருகிற இடத்தில் என்னைக் கத்தரிக்கச் சொன்னார். அதே நூலைத் துரையின் நடு உடம்பில் சுற்றினார். முனையோடு முனை தொட்டது. அப்பாவுக்கும் ஆசை வந்து கையை நீட்டினார். அவர் கைக்கும் அதே நூல், மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பாத்தீங்களா மச்சான், மூணு பேரும் ஒரே சைஸு," என்று மாமா சிரித்தார்.

அன்றிலிருந்து எலிக் கூண்டின் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். துரை வளர்ந்தால் அளவு மாறுமே என்பதால், சனிக்கிழமை தோறும் புதிதாக நூல் வெட்டி முதலில் மாமா கையிலும் அப்புறம் துரை உடம்பிலும் சுற்றிச் சரிபார்ப்போம். பாம்பைத் தொடுவது மாமா. நூல் வெட்டுவதும் கணக்குச் சொல்வதும் நான். பள்ளியில் எனக்கு அப்படி ஒரு பதவியும் கிடைத்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நூல் துரையின் உடம்பில் சேரவில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் அரை விரல் இடைவெளி. நான் குதித்தேன். "மாமா, துரை பருத்துட்டாரு!"

மாமா அந்த இடைவெளியில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். "ஆமா பாப்பா. பருத்துட்டாரு. ஒன் கண்ணு கண்ணுதான்."

அறைக் கதவின் நிலையில் பிறந்தநாள் தோறும் என் உயரத்தை அம்மா பென்சிலால் குறித்து வைப்பாள். அதன் பக்கத்திலேயே துரையின் வளர்ச்சியையும் நான் குறிக்கத் தொடங்கினேன். அரை விரல். முக்கால் விரல். ஒரு விரல். கடையிலும் மாமா கையோடு அந்த விரல் கணக்கைக் கூட்டித்தான் எலி பார்த்தோம், துரையும் முழுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தார். அம்மா ஒருநாள் இந்தக் கோடுகள் என்னவென்று கேட்டாள். நான் பெருமையோடு நூல் கணக்கை விளக்கினேன். அவள் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் ஒன்றும் இல்லாமலே வெகுநேரம் தண்ணீர் ஓடியது. கதவில் கிறுக்கியதற்குக் கோபம் என்று நினைத்து, அடுத்த கோட்டைச் சின்னதாகப் போட்டேன்.

அதற்குள் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கியிருந்தது. மாமா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "மாமா ஒருசந்தி இருக்காரு," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே கோயில் வாசலோடு நின்றுவிடுகிற மாமா ஒருசந்தி விரதம் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் யாரை எப்போது கடவுள் கூப்பிடுவார் என்று சொல்ல முடியாது என்று மறைக்கல்வி டீச்சர் சொல்லியிருந்தார். மாமா மிச்சம் வைக்கிற மீனும் முட்டையும் என் தட்டுக்கு வந்தன. வகுப்பில் என்னைக் குண்டு என்பார்கள், அந்தத் தவக்காலத்தில் இன்னும் கொஞ்சம் குண்டானேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை இடைவெளி இரண்டு விரல். துரைக்கு அன்று சாப்பாட்டு நாள். மாமாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. "நீயும் அப்பாவும் போய்ட்டு வாங்க. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமாவின் கை வரவில்லை என்றால் என்ன, அப்பாவின் கை இருக்கிறதே. மூன்று பேரும் ஒரே அளவு என்று மாமாவே சொல்லியிருக்கிறார். கடையில் அப்பா கையில் நூலைச் சுற்றி, துரை பருத்த இரண்டு விரலையும் சேர்த்து வெட்டி, அந்த வளையத்தைக் கூண்டின்மேல் பிடித்துப் பார்த்தேன். மூலையில் கிடந்த கிழட்டு எலிதான் அதற்குப் பொருந்தியது.

பாய் தயங்கினார். "நை பாப்பா, இது ஜாஸ்தி பெருசு. ஒங்க மாமா எப்பவும் இத வாங்க மாட்டாரு. மாமா எங்க?"

"அவருக்கு ஒடம்பு சரியில்ல பாய். கொழந்தை சொல்றதையே குடுங்க," என்றார் அப்பா. அவர் எலிக் கூண்டுப் பக்கமே திரும்பவில்லை.

வீட்டில் அப்பாதான் முகத்தைச் சுளித்துக்கொண்டு இடுக்கியால் எலியைப் பெட்டிக்குள் விட்டார். பெட்டி பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் இருந்தது. கட்டிலில் இருந்தே மாமா குரல் கொடுத்தார்: "அளவு சரியா பாத்தியா பாப்பா?"

"பாத்தேன் மாமா. இப்ப ரெண்டு விரல் கூட."

கட்டில் கிரீச்சிட்டு அடங்கியது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்குக்கு நாங்கள் புறப்படுகிற நேரத்தில் துரை கக்கினார். அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். அம்மாவின் சட்டம் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான்தான்க்கா பெருசா வாங்கச் சொன்னேன். பாப்பாவ ஒண்ணும் சொல்லாத," என்று மேலே மாமாவின் குரல் கேட்டது.

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "போவட்டும் வுடுடா. பினாயில் போட்டுக் கழுவினா சரியாப் போயிரும். அது இங்கியே இருக்கட்டும்," என்றாள். சட்டம் போட்ட அம்மாவே சட்டத்தை மீறியதை என்னால் நம்ப முடியவில்லை.

மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாங்க்கா. இனிமே அத யாரு பாத்துக்குவா?"

பெரிய சனிக்கிழமை காலையில் ஹெப்பகோடிக் கூட்டாளி பைக்கில் வந்தார். மாமா மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்தார். துரை தலையை ஒளித்துக்கொண்டு பந்தாகக் கிடந்தார். "சின்ன எலியா வாங்கிப் போடு. ஒரு மாசம் பட்டினி போட்டாலும் பரவால்ல," என்று சொல்லிவிட்டு மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். என் தப்பான எலிதான் துரையை வீட்டை விட்டு அனுப்பியது, அந்த ஏக்கத்தில்தான் மாமா தேறாமல் போனார் என்று பல வருடம் நம்பினேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒருமுறை சொன்னேன். எலி கனவு கண்டாயா மகளே என்று சாமியார் கேட்டார்.

துரை ஒரு நூலிழைகூடப் பருக்கவில்லை. மாமாவின் கைதான் வாரா வாரம் இளைத்தது. அது எவ்வளவு இளைத்ததோ அவ்வளவு விரலை நான் கூட்டிக்கொண்டே போனதால், அவர் கை கூட வந்தவரை எலி சரியாகவே அமைந்தது; இளைக்காத அப்பா கையோடு கூட்டியபோதுதான் கணக்குத் தப்பியது. மாமாவுக்கு நோய் வயிற்றில். ஜூனில் பள்ளி திறந்தபோது மாமா இல்லை. அரை விரல், முக்கால் விரல் என்று கதவு நிலையில் நான் குறித்தவை என்ன என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது, மாமா உட்பட.

ஈஸ்டர் அன்று அம்மா பிரியாணி செய்தாள். மாமா தொடவில்லை. "அதான் ஈஸ்டர் வந்துருச்சே, இன்னும் எதுக்கு ஒருசந்தி?" என்று கேட்டேன். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை பழக்க தோஷத்தில் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவரும் கையை நீட்டினார். சுற்றி வெட்டினேன். வெட்டிய பிறகுதான் துரை இல்லையே என்பது ஞாபகம் வந்தது. நூலை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையிலேயே, இல்லாத வாட்சுக்கு நாலு விரல் மேலே, சுற்றிப் பார்த்தேன். முனையோடு முனை தொட்டது.

வீடே அதிரும்படி கத்தினேன். "அம்மா! நான் மாமா அளவுக்கு வளந்துட்டேன்! இங்க வந்து பாரேன்!"

மாமா படுத்தபடியே மெதுவாகக் கை தட்டினார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். நூலைத் தூக்கிக் காட்டியும் பக்கத்தில் வரவில்லை, கை தட்டவும் இல்லை. பெற்ற மகள் வளர்ந்ததில் இவளுக்குச் சந்தோஷமே இல்லையா என்று அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.