பஸ்ஸில் ஓட்டுக் கேட்கக் கூடாது

முந்தாநாள் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாள் வந்து விழுந்தது. மாணவர் மன்றத் தேர்தலில் நிற்கும் பிள்ளைகள் எப்படிப் பிரசாரம் செய்யலாம், எப்படிச் செய்யக் கூடாது என்ற விதிகள். கடைசி விதி இது: வேட்பாளர்களுக்கான விளக்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, வராதவர்களின் பெயர் நீக்கப்படும். நான் ஒரே ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். "தோட்டத்துப் பக்கமிருந்து வர்ற பஸ் எத்தனை மணிக்கு வரும்னு பார்த்தீங்களா சேர்?" பதிலுக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம் வந்தது. பிறகு யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை இந்தத் தேர்தலில் நிற்கிறாள். அவள் வருவது அந்த பஸ்ஸில்தான். ஏழேகாலுக்கு அது பாதி வழியில் இருக்கும். அவள் வந்து இறங்கும்போது எங்கள் கேட்டும் மூடியிருக்கும்.

இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்று என் கணவர் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் தேர்தல்தானே என்றார். அவர் நகரத்தில் வளர்ந்தவர், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவர். அவரிடம் விளக்கப் போனால் இன்னும் கோபம் வரும் என்று எழுத உட்கார்ந்தேன்.

இப்போது நான் படிப்பிப்பது நுவரெலியா பக்கம். படித்தது ஹட்டனில். எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தது. பொகவந்தலாவையிலிருந்து வரும் அரசாங்க பஸ்தான் எங்களுக்கு வண்டி. தனியார் பஸ்காரர்கள் சீசன் டிக்கட்டை ஏற்க மாட்டார்கள், எங்கள் வெள்ளைச் சட்டையைத் தூரத்தில் கண்டாலே வேகத்தைக் கூட்டுவார்கள். அரசாங்க பஸ் வரும், ஆனால் அதன் இஷ்டத்துக்கு வரும். வளைவுகளில் தேயிலைக் கொழுந்து லொறி எதிரே வந்தால் பின்னால் போக வேண்டும். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு முன்னால் கிளினிக் போகிறவர்கள் ஒவ்வொருவராக இறங்க வேண்டும். ஹட்டனில் நாங்கள் இறங்கி ஓடும்போது பள்ளிக்கூடக் கேட் மூடியிருக்கும்.

ஏழரைக்கு மூடுவார்கள். பிறகு முதல் பாடம் முடியும்வரை திறக்க மாட்டார்கள். மழையோ பனியோ, வெளியே ரோட்டில் நிற்க வேண்டும். நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. கிழமையில் மூன்று நாள் முதல் பாடம் கணிதம். சேர் கரும்பலகையில் எழுதுவது ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. மேலே வகுப்பில் பிள்ளைகள் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அந்த ஆண்டு பஸ் பிள்ளைகளில் பாதிப் பேர் கணிதத்தை விட்டுவிட்டுக் கலைப் பிரிவுக்கு மாறினார்கள். அவர்களுக்குக் கணிதம் ஏறவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு எந்தப் பாடம்தான் ஏறும்?

அதனால்தான் மாணவர் மன்றத் தலைவர் பதவிக்கு நின்றேன். எனக்கு ஒரேயொரு கோரிக்கைதான் இருந்தது. பஸ் வரும்வரை கேட்டைத் திறந்து வையுங்கள். மன்றத் தலைவர் ஆசிரியர் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். நான் அங்கே உட்கார்ந்து அதை மட்டும் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

பிரதி அதிபர் காலைக் கூட்டத்தில் விதிகளை வாசித்தார். பரிசு கொடுக்கக் கூடாது, சுவரில் ஒட்டக் கூடாது. அதெல்லாம் சரி. தோட்டம், நகரம் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பேசக் கூடாது என்றார். கேட்டுக்கு வெளியே நிற்பது முழுக்கத் தோட்டத்துப் பிள்ளைகள், பிரித்து வைத்தது நானா? அடுத்தது, பிரசாரம் பள்ளி வளாகத்துக்குள் மட்டும். நேரம், கடைசி மணி அடித்த பிறகு ஒரு மணித்தியாலம். படிப்புக் கெடக் கூடாதாம்.

கடைசி மணி ஒன்றரைக்கு. எங்கள் பஸ் அதற்குப் பிறகு பத்து நிமிஷத்தில். அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று டிப்போவில் இருக்கிறவருக்கே தெரியாது. முதல் நாள் நான் விதிப்படி நின்றேன். எனக்கு ஓட்டுப் போட வேண்டிய பிள்ளைகள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். மிச்சம் நின்றது வேனுக்குக் காத்திருந்த நகரத்துப் பிள்ளைகள். அவர்களிடம் கேட்டைப் பற்றிப் பேசினேன். பாவம், மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒரு பிள்ளை, "அப்ப நீங்க கொஞ்சம் வெள்ளென எழும்பினா என்ன அக்கா?" என்று கேட்டது.

வெள்ளென எழும்பு என்று சொல்லாத ஆள் கிடையாது. முந்திய பஸ் ஒன்று உண்டு, ஐந்தேகாலுக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் இருட்டில் தேயிலைக்குள் இறங்கி வர வேண்டும். சிறுத்தைப் புலி நாயைத் தூக்கிக்கொண்டு போகிற மலை அது. அம்மா விடியவே பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறவள், அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை. யார் கூட்டிக்கொண்டு வருவது? இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. தோட்டம், நகரம் என்று பிரித்துப் பேசியதாகிவிடும்.

அன்று இருட்டுகிற நேரத்தில்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா ஏசினாள். "இனிமே அங்கன நின்னீன்னா பள்ளிக்கொடமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள்.

மறுநாள் நான் பஸ்ஸில் பேசினேன். திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. ஏறினேன், சுற்றிப் பார்த்தேன், எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். முன்னுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன். கண்டக்டர் சிங்களவர், எங்கள் எல்லாரின் முகமும் தெரிந்தவர். "நங்கி, கதா கரன்ன" என்று, தங்கச்சி பேசு என்று, தானே ரேடியோவைக் குறைத்துவிட்டார்.

கேட்டைப் பற்றிப் பேசினேன். தோட்டம் என்றும் சொன்னேன், நூறு தரம் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. "தலைவரா வந்தா நாள் சம்பளம் கூட்டித் தருவியா புள்ள?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை நிறுத்திய பிறகு ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போகும் ஓர் அம்மா தினமும் எங்களோடுதான் போய் வருவார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தலைவருமாருங்க எல்லாரும் இப்புடித்தான் நல்லாப் பேசுவாங்க," என்றார். "ஓட்டு வாங்குனதும் ஜீப்புல ஏறிருவாங்க. நீ ஜெயிச்சாலும் இந்த பஸ்ஸுலதான் வரணும், சொல்லிப்புட்டேன்."

"வேற எதுல வரப் போறேன்ம்மா" என்றேன். அதற்கும் கை தட்டினார்கள்.

நான்கு நாள் பேசினேன். அவ்வளவுதான் விட்டார்கள். ஐந்தாம் நாள் பிரதி அதிபர் கூப்பிட்டார். என் மேல் முறைப்பாடு வந்திருக்கிறதாம். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

"மகள்," என்றார். அவர் கோபப்பட மாட்டார், எல்லாப் பிள்ளையும் அவருக்கு மகள்தான். "பஸ் பள்ளி வளாகமா?"

"இல்ல சேர்."

"வெளியாட்கள் முன்னால பேசலாமா?"

"அவங்க வெளியாட்கள் இல்ல சேர், எங்க தோட்டத்து ஆட்கள்."

"பாத்தீங்களா, திரும்பவும் தோட்டம்."

என்னோடு போட்டியிட்டவன் நகரத்தில் பெரிய ஹாட்வெயார் கடைக்காரரின் மகன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பையன். ஆனால் அவன் அப்பாவின் கடை மாடியில்தான் சனிக்கிழமை டியூஷன் வகுப்பு நடக்கும். படிப்பிப்பது எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான், தேர்தல் குழுவில் இருக்கும் அதே ஆசிரியர். அதற்கு முந்திய சனிக்கிழமை வகுப்புத் தொடங்க முன் அவன் எழுந்து நின்று ஓட்டுக் கேட்டிருக்கிறான். நான் அதைப் பிரதி அதிபரிடமே கேட்டேன். "டியூஷன் வகுப்பு வளாகத்துக்குள்ளயா சேர் இருக்கு?"

"அது படிக்கிற இடம் மகள்," என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "நாளைக்குக் காலையில ஏழரைக்குக் குழு கூடும். வந்து உங்க பக்கத்தச் சொல்லுங்க."

"சேர், ஏழரைக்கு பஸ்..."

"நாளைக்கு ஒரு நாளாவது நேரத்தோட வரப் பாருங்க."

எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். இன்றைக்கு என்றால் விழுங்கியிருக்க மாட்டேன்.

அன்று இரவு அப்பா வேலைக்குப் போகவில்லை. விடியுமுன் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு என்னோடு ரோட்டுக்கு இறங்கி வந்தார். குளிரில் இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். ஐந்தேகால் பஸ் வந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் மூட்டையும் ஆளுமாகக் கதவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா கையைக் காட்டினார், டோர்ச்சை ஆட்டினார், பஸ்ஸோடு கொஞ்சத் தூரம் ஓடினார். பஸ் நிற்காமல் போனது. திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்ததுலயே போயிரு" என்றார். எங்கள் வழக்கமான பஸ்ஸில்தான் போனேன்.

கேட் மூடியிருந்தது. உள்ளே ஒழுங்கு பார்க்கும் பிரிஃபெக்ட் பையன் ஒருவன் காவலுக்கு நின்றான். ஆபீசில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். முதல் பாடம் முடியும்வரை யாரையும் விடக் கூடாது, அது விதி என்றான். குழுவே எனக்காகத்தான் கூடியிருக்கிறது என்றேன். அவன் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆபீஸ் ஜன்னல் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு "சேர்" என்று கத்தினேன். பிரதி அதிபர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். தெரியாமல் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நேராக என் கண்ணைத்தான் பார்த்தார். கையைத் திருப்பி மணியைப் பார்த்தார். தூறல் உள்ளே அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கேட்டைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரணைக்குச் சமூகமளிக்காததால் பெயர் நீக்கம். ஆபீசுக்குள் ஓடினேன். ஈரச் சப்பாத்தோடு வந்ததற்கு முதலில் பியோனிடம் ஏச்சு வாங்கினேன்.

"நாங்க ஒரு சந்தர்ப்பம் குடுத்தமே மகள்" என்றார் பிரதி அதிபர்.

"நான் கேட்டுல நின்னேன் சேர். நீங்க பாத்தீங்க."

"கேட்டுல நின்னா வந்ததா ஆகுமா?"

இந்தக் கேள்வியை அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள். ஹாட்வெயார் கடைப் பையன் போட்டியில்லாமல் தலைவரானான். காலைக் கூட்டத்தில் அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதற்கும் ஒரு ஆசிரியை என்னைக் கூப்பிட்டுத் தோல்வியைத் தாங்கும் மனப்பான்மை பற்றிப் பேசினார். தோற்றால்தானே தாங்குவதற்கு.

பெயர் நீக்கிய அன்று பின்னேரம் பஸ்ஸில் ஏறினேன். பாத்திரம் கழுவும் அம்மா தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"என்னா தலைவரே, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"பேர வெட்டிட்டாங்கம்மா."

"எதுக்கு?"

"லேட்டா வந்ததுக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "லேட்டாப் போறதப் பத்திப் பேசத்தானே நீ நின்ன?"

"ஆமா."

"அத அவுங்ககிட்ட பேசுனியா?"

"கேட்டத் தொறக்கலயேம்மா."

கண்டக்டர் டிக்கட் கேட்டு வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவைப் போடாமலே போய்விட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் நானும் கணிதத்தை விட்டேன். இன்றைக்கு நான் தமிழ்ப் பாட ஆசிரியை. பிள்ளைகள் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்கிறார்கள். ஆனால் நான் படிப்பிக்க ஆசைப்பட்டது இதையல்ல.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் இப்போது எங்களுக்கு வீடு, ஏழேகாலுக்கு நடந்தே போய்விடலாம். விளக்கக் கூட்டத்தில் ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். நான் இருக்கப் போவதில்லை. கேட்டின் ஒரு கதவுக்கும் மறு கதவுக்கும் நடுவில் நிற்பேன், என் வகுப்புப் பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வரும்வரைக்கும். மூடுகிறவர்கள் என்னையும் சேர்த்து நசுக்கிக்கொண்டு மூடட்டும்.