பன்னிரண்டு இருபது படகு

துறையில் அவருக்குக் கடிகாரம் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் படகு உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. இருபத்தாறு வருடமாகத் தபால் படகு ஓட்டுகிறார். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரைக்குக் கிளம்பினால், பதினோரு தீவுகளைச் சுற்றிக்கொண்டு மாலை நாலரைக்குத் திரும்பிவிடுவார். பதினொன்றில் ஏழில்தான் ஆள் உண்டு. அத்தனை பேரையும் கூட்டினாலும் ஒரு பேருந்து நிறையாது. அவர் படகைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

எல்லாத் தீவிலும் படகு நிற்காது. ஒவ்வொரு துறையிலும் ஓர் உயரமான கம்பம், அதில் கயிறு. படகு வேண்டியவர்கள் மஞ்சள் வாளியைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு இழுக்க வேண்டும். வாளி தெரிந்தால் கரைக்குத் திருப்புவார். தெரியாவிட்டால் பாறைகளுக்கு வெளியிலேயே போய்விடுவார். அங்கிருந்து பார்த்தால் துறையில் கம்பத்தின் தலை மட்டும்தான் தெரியும்; அடியைப் பாறைகள் மறைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தொலைவில் இருந்த கடைசித் தீவில் அவருடைய தங்கச்சி இருந்தாள். புருஷன் போன பிறகு ஒன்பது ஆடுகளோடு ஒண்டிக்கட்டை. அங்கே மட்டும் வாளி இருக்கிறதோ இல்லையோ, ஐந்து நிமிடம் நிறுத்துவார். ஊருக்கு வந்துவிடச் சொல்லி அவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. போன மாதம் பேச்சு முற்றிவிட்டது.

"என் பொணத்த வேணா ஏத்திட்டுப் போண்ணா," என்றாள்.

"சரி. இனி நீயா வாளி ஏத்தினாத்தான் இந்தப் பக்கம் திரும்புவேன்."

வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேய்க்காற்று அடித்தது. செவ்வாயன்று கடைசித் தீவைக் கடக்கும்போது கம்பத்தைப் பார்த்தார். வெறுங்கம்பம். 'இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்' என்று வாய்க்குள் முணுமுணுத்தார். வெள்ளியன்றும் வெறுங்கம்பம். துறைப்பக்கத்துப் பாறையில் ஆடுகள் கூட்டமாக நின்றன. மேட்டில் மேய்கிற ஆடுகளுக்குக் கீழே என்ன வேலை என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு இன்ஜின் வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த செவ்வாயன்று படகில் நர்ஸம்மா இருந்தாள். மாதம் ஒருமுறை தீவுகளுக்கு வருகிறவள். ஆடுகள் அதே பாறையில் நின்றன.

"அண்ணே, உங்க தங்கச்சி எங்க? ஆடு மட்டும் நிக்குது."

"வீட்ல இருப்பா. வாளி இல்லல்ல."

"வாளிய விடுங்க. வீட்டுக் கதவு திறந்து கெடக்கு பாருங்க. காத்துல அடிச்சுக்குது."

அவர் மேட்டைப் பார்த்தார். கதவு ஆடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஆள் அரவமில்லை. 'பொணத்த வேணா' என்று அவள் சொன்ன சொல் காதிலேயே நின்றது. பாறை இடுக்கில் படகை உரசவிட்டுக் கரையேறினார். இருபத்தாறு வருடத்தில் படகு உரசியது அன்றுதான்.

கம்பத்தில் ஏறுவதற்கு மரக்கட்டைகள் அறையப்பட்டிருந்தன. மேல்கட்டை ஒன்று பெயர்ந்து தொங்கியது. அடியில் அறுந்த கயிறு, பக்கத்தில் மஞ்சள் வாளி. காற்றில் அறுந்த கயிற்றை மறுபடி மாட்டத்தான் தங்கச்சி ஏறி விழுந்திருக்கிறாள், அண்ணனைக் கூப்பிட. அந்த வீம்புக்காரி!

ஆடுகள் நின்ற பாறைக்குப் பின்னால், தீவனத்தை மூடும் தார்ப்பாய்க்குள் அவள் கிடந்தாள். உயிர் இருந்தது. ஆடுகள் அவளைச் சுற்றியே நின்றிருந்தன. படுத்தபடியே பால் கறந்து குடித்துத்தான் பிழைத்திருக்கிறாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. நர்ஸம்மா குனிந்து பார்த்துவிட்டு, அவரைத் தனியாக அழைத்தாள்.

"உயிரக் காப்பாத்திடலாம்ணே. கால் தேறாது."

அவர் தங்கச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவமானத்தில் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கத்தியிருக்கலாமேம்மா," என்றார்.

"கத்தினேன். இன்ஜின் சத்தத்துல எங்க கேக்கும்?" வெடித்த உதடுகளை நனைத்துக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "செவ்வாக்கெழம பன்னெண்டு இருபதுக்குப் போன. வெள்ளிக்கெழமையும் பன்னெண்டு இருபது. ஒரு நிமிஷம் பெசகலண்ணா நீ."